எல்லையில் எதை ஏற்பது: தனித்தனி நிர்வாகத்திலுள்ள நிறுவன வலையமைப்புகளுக்கிடையே வழித்தேர்வு முறையின் வரலாறு (1980–2017)

ஆய்வுச் சுருக்கம்

தனித்தனி நிர்வாகத்தின்கீழ் இயங்கும் இரண்டு நிறுவன வலையமைப்புகள் இணையும்போது, ஒன்று தரும் வழித்தகவலை மற்றொன்று எவ்வளவு ஏற்க வேண்டும் என்னும் வினா எழுகிறது. இது பெரும்பாலும் விரைவு, செலவு ஆகியவற்றைச் சார்ந்த பொறியியல் வினாவாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் ஆர்ப்பாநெட் முடக்கம் தொடங்கி 2017இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 8212 வரையுள்ள தொழில்நுட்ப ஆவணங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவைத் தொடர்கிறது. பிறருடைய பிழை தன் எல்லைக்குள் நுழையாமல் காத்துக்கொள்ளும் தேவையே இத்துறையின் முதன்மையான தெரிவுகளை வடிவமைத்தது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வழித்தேர்வு, தன்னாட்சித் தொகுதி, எல்லை வாயில் நெறிமுறை, தனியார் முகவரி, நிறுவன வலையமைப்பு, நம்பிக்கை எல்லை.

முன்னுரை

கார் உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றும் அதற்கு உதிரிபாகம் வழங்கும் நிறுவனம் ஒன்றும் தத்தம் கணினி வலையமைப்புகளை ஒரு குத்தகை இணைப்பால் சேர்க்கின்றன எனக் கொள்க. இருபுறமும் ஒவ்வொரு திசைவி நிற்கிறது. அனுப்பாணையும் விலைப்பட்டியும் அவற்றின் வழியே செல்ல வேண்டும். ஒரு பக்கத்துத் திசைவிக்கு மறுபக்கத்தில் எந்தெந்த முகவரிகள் உள்ளன என்பது எவ்வாறு தெரியும்? மூன்று விடைகள் நடைமுறையில் இருந்துவந்துள்ளன. இருபுறத்துப் பொறியாளர்களும் பேசி முடிவு செய்து வழிகளைக் கையால் எழுதி வைப்பது முதல் விடை. இது நிலைவழி எனப்படும். இரண்டு வலையமைப்புகளும் ஒரே உள்வழி நெறிமுறையைப் பேசி ஒரே குடும்பமாகிவிடுவது இரண்டாவது. எல்லைக்கென்றே அமைந்த வேறொரு நெறிமுறையின் வழியே, தெரிந்தெடுத்த செய்திகளை மட்டும் பரிமாறிக்கொள்வது மூன்றாவது.

தொழில்நுட்பப் பாடநூல்கள் இம்மூன்றையும் ஒரே காலத்தில் அருகருகே வைக்கப்பட்ட பொருள்களைப் போல விளக்கிச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. மூன்றாவது விடை பிறந்ததற்கு முதலிரண்டும் பட்ட அடிகளே காரணம். அந்த அடிகளுள் முதலானது, நிறுவன வலையமைப்பு என்ற சொல்வழக்கே பரவாத காலத்தில், ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்த ஒரு வலையமைப்பின்மேல் விழுந்தது.

1980 அக்டோபர் 27

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெட், முதலில் அண்டைத் திசைவிகள் தூரப் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ளும் முறையைப் பின்பற்றியது. 1979இல் அம்முறை மாற்றப்பட்டது. ஐ.எம்.பி. என அழைக்கப்பட்ட ஒவ்வொரு கணுவும் தன் அண்டை இணைப்புகளின் தாமதத்தை அளந்து, அந்த அளவை வலையமைப்பு முழுவதற்கும் பரப்பும். ஒவ்வொரு கணுவும் முழு வரைபடத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு மிகக் குறுகிய வழியைத் தானே கணக்கிடும். இன்று பல நிறுவனங்களுக்குள் இயங்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையும் இக்கருத்தின் வழிவந்ததே. இம்முறையின் உயிர்நாடி, எல்லாக் கணுக்களிடமும் ஒரே வரைபடம் இருக்க வேண்டும் என்பதாகும். ஆகவே ஒரு கணு சொன்னதை ஏனைய அனைத்தும் கேள்வியின்றி ஏற்றுப் பிறருக்கும் பரப்பின.

பழைய செய்தியினின்று புதிய செய்தியைப் பிரித்தறிய ஒவ்வொரு செய்திக்கும் ஆறு பிட் வரிசை எண் இடப்பட்டது. 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0இல் தொடங்கும் எண் அது. வட்டமாகச் சுழலும் எண்களுள் எது பிந்தியது என்பதை அறிய ஒரு விதி இருந்தது: இரண்டு எண்களுக்கிடையே வேறுபாடு 32க்குள் இருந்தால் பெரிய எண் புதியது, அதற்கு மேற்பட்டால் சிறிய எண் புதியது. 1980 அக்டோபர் 27 அன்று வன்பொருட் கோளாற்றால் சில பிட்டுகள் உதிர்ந்து, 50ஆம் எண் கணுவின் பெயரில் 8, 40, 44 ஆகிய மூன்று வரிசை எண்களைக் கொண்ட செய்திகள் ஒரே நேரத்தில் உலவத் தொடங்கின. மேற்கூறிய விதிப்படி 40 என்பது 8ஐவிடப் புதியது. 44 என்பது 40ஐவிடப் புதியது. ஆனால் 8 என்பது 44ஐவிடப் புதியது. எதுவும் பழையதாகவில்லை. மூன்று செய்திகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முடிவின்றிச் சுற்றின. வழித்தகவலுக்கு முன்னுரிமை தரப்பட்டிருந்தமையால் கணுக்களுக்கு வேறு வேலை செய்ய நேரமில்லை. ஆர்ப்பாநெட் பல மணிநேரம் முடங்கியது.

இதனை ஆய்ந்து 1981இல் ஆர்.எஃப்.சி. 789 என்னும் ஆவணத்தை எழுதியவர், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரோசன். புதிய வழித்தேர்வு முறையை விளக்கிய 1980ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரும் அவரே. தம் குழு கட்டியது விழுந்ததை மறைக்காமல், விழுந்த விதத்தைப் பிட் பிட்டாக எடுத்துரைக்கும் அந்த ஆவணம் தொழில்நுட்ப உரைநடையில் அரியதொரு வகையைச் சேர்ந்தது. இக்கட்டுரையின் நோக்கில் அதில் கவனிக்கத்தக்கது பழுது நீக்கப்பட்ட முறையாகும். 50ஆம் கணுவின் செய்திகளைப் புறக்கணிக்குமாறு கணுக்களின் நிரல் திருத்தப்பட்டது. எல்லாக் கணுக்களும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தமையால் அது இயன்றது. அவை நூறு உரிமையாளர்களிடம் பிரிந்து கிடந்திருப்பின் யார் யாருக்கு ஆணையிட்டிருக்க முடியும்?

தன்னாட்சி என்னும் கருத்து

அடுத்த ஆண்டே அந்த வினாவுக்கு விடை தேடும் ஆவணம் வெளிவந்தது. 1982 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 827ஐ எழுதியவரும் ரோசனே. பலர் பலவிதமாகப் பராமரிக்கும் திசைவிகள் அனைத்தையும் ஒரே வழித்தேர்வுக் குழுவாக வைத்தால் பழுது எங்கிருக்கிறது என்று கண்டறிவதே அரிதாகிவிடும் என அது எடுத்துக்காட்டியது. இணையத்தைத் தன்னாட்சித் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்றும், அவற்றுக்கிடையே புற வாயில் நெறிமுறை ஒன்று இயங்க வேண்டும் என்றும் முன்மொழிந்தது. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் எந்த நெறிமுறையையும் பின்பற்றலாம். வெளியே சொல்வது, தன் வழியே எந்த வலையமைப்புகளை அடையலாம் என்பதை மட்டுமே.

தன்னாட்சி என்னும் சொல் தமிழ்நாட்டில் உயர்கல்வி பயின்றோர்க்குப் புதிதன்று. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தானே தேர்வு நடத்துகிறது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். உள்விவகாரம் தனது, வெளியுலகுக்கான அடையாளம் பொதுவானது என்னும் அந்தப் பகுப்பு இங்கும் பொருந்துகிறது. ஒப்புமை அதற்கு மேல் செல்லாது. வலையமைப்புகளின் உலகில் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஏதும் இல்லை.

புற வாயில் நெறிமுறைக்கு ஒரு குறை இருந்தது. நடுவில் ஒரு மையத் தொகுதி, அதிலிருந்து கிளைக்கும் ஏனைய தொகுதிகள் என்று மரம் போன்ற அமைப்பிலேயே அது சரியாக இயங்கும். கிளைகள் தமக்குள் இணைந்து வட்டமானால் அதனைக் கண்டறிய அதற்கு வழி இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முதுகெலும்பு வலையமைப்பு 1980களின் பிற்பகுதியில் வளர்ந்து, வட்டார வலையமைப்புகள் ஒன்றோடொன்று பலவழிகளில் பின்னத் தொடங்கியபோது மரம் என்னும் கற்பனை நீடிக்கவில்லை.

1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டத்தின்போது, சிஸ்கோ நிறுவனத்தின் கர்க் லஹீடும் ஐ.பி.எம். நிறுவனத்தின் யாக்கோவ் ரெக்தரும் உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் ஒரு மாற்று நெறிமுறையை வரைந்தனர். அவ்வாண்டு ஜூனில் அது ஆர்.எஃப்.சி. 1105ஆக வெளிவந்தது. எல்லை வாயில் நெறிமுறை என்னும் பி.ஜி.பி. இதுவே. கைதுடைக்கும் தாள் பற்றிய கதை அளவுக்கு மீறிப் புகழ்பெற்றுவிட்டது. தாளில் எழுதப்பட்ட கருத்தோ அத்தகைய விளம்பரத்தைப் பெறவில்லை. ஒரு வழியை அறிவிக்கும்போது, அது கடந்துவந்த தன்னாட்சித் தொகுதிகளின் எண்களையெல்லாம் வரிசையாகச் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்பதே அக்கருத்து. தன் எண்ணையே அவ்வரிசையில் காணும் தொகுதி அந்த வழியை ஏற்காது. வட்டம் அங்கேயே அறுபடுகிறது.

இதனினும் ஆழமான விளைவு ஒன்று உண்டு. மிகக் குறுகிய வழி என்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அனைவருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். ஒரு நிறுவனம் தாமதத்தை அளக்கலாம். மற்றொன்று செலவைக் கணக்கிடலாம். மூன்றாவது, போட்டி நிறுவனத்தின் வழியே தன் செய்தி செல்லவே கூடாது எனக் கருதலாம். இவற்றை ஒரே எண்ணாக்கிக் கூட்ட இயலாது. பி.ஜி.பி. அம்முயற்சியைக் கைவிட்டு, வழியின் வரலாற்றைத் தந்து முடிவைப் பெறுநரிடமே விட்டது. விரும்பியதை ஏற்கலாம், வேண்டாததைத் தள்ளலாம், ஏற்றதையும் பிறருக்குச் சொல்லாமல் விடலாம். 1990இலும் 1991இலும் திருத்தப்பட்ட இந்நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1994இல் வெளிவந்தது, 2006இல் ஆர்.எஃப்.சி. 4271ஆகச் செம்மைப்படுத்தப்பட்டது.

10ஆம் எண்ணின் மறுபிறப்பு

பொது இணையத்திற்கென உருவான இக்கருவி நிறுவனங்களின் தனிப்பட்ட இணைப்புகளுக்கு வந்துசேர்ந்த பாதையில் முகவரிச் சிக்கல் குறுக்கிட்டது. வங்கிகளும் சில்லறை விற்பனை நிறுவனங்களும் 1990களின் தொடக்கத்தில் தம் உள்தொடர்புகளுக்கு இணைய நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டன. கல்லாப் பெட்டிக்கும் பணம் வழங்கும் எந்திரத்திற்கும் விமான நிலைய அறிவிப்புப் பலகைக்கும் உலகப் பொது முகவரி எதற்கு என்னும் கேள்வி நியாயமானது. 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1597, எவரும் பதிவின்றித் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளுமாறு மூன்று முகவரித் தொகுப்புகளை ஒதுக்கியது. அவற்றுள் பெரியது 10 என்னும் எண்ணில் தொடங்குவது. 1,67,77,216 முகவரிகளைக் கொண்டது. அது ஆர்ப்பாநெட்டின் பழைய எண். 1990இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டபின் வெறுமனே கிடந்தது. ஆவணத்தின் ஆசிரியர் நால்வருள் ரெக்தர் ஒருவர்; கிரைஸ்லர் கார் நிறுவனத்தைச் சேர்ந்த மாஸ்கோவிட்ஸ் இன்னொருவர். நிறுவனங்களின் தேவை நிறுவனத்துள்ளிருந்தே பேசியது என்பதற்கு இது சான்றாகும்.

நான்கே மாதங்களில் எதிர்ப்பு வந்தது. 1994 ஜூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 1627, 10ஆம் எண் வலையமைப்பு தீங்கானது எனத் தலைப்பிலேயே அறிவித்தது. முகவரி தனித்துவமானது என்னும் அடிப்படையைத் தகர்த்தால், இன்று பிறரோடு இணையமாட்டோம் என்று எண்ணும் நிறுவனங்கள் நாளை இணையும்போது அல்லலுறும் என்பது அதன் மையவாதம். போதிய பொது ஆய்வின்றி முந்தைய ஆவணம் வெளியிடப்பட்டதையும் அது குறைகூறியது. 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 இவ்விவாதத்தை முடித்துவைத்தது, ஒதுக்கீடு நிலைத்தது. எதிர்ப்பு ஆவணத்தின் முதல் ஆசிரியரான எலியட் லியர் இப்புதிய ஆவணத்தின் ஆசிரியர் ஐவருள் ஒருவராக இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. அவர் தரப்பின் அச்சம் ஆவணத்திற்குள்ளேயே இடம்பெற்றது: இரு நிறுவனங்கள் பின்னர் இணைய நேரிடின் முகவரிகள் மோதும் இடருண்டு, ஆதலால் தொகுப்பிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுமாறு அது வலிந்து பரிந்துரைத்தது.

மனிதர் குருட்டாம்போக்கில் எண்களைத் தேர்வதில்லை. நினைவில் நிற்கும் எண்களையே நாடுகின்றனர். 10.0, 10.1, 192.168.1 போன்ற தொடக்கங்களை ஒவ்வொரு நிறுவனமும் தனதாக்கிக்கொண்டது. இரு நிறுவனங்கள் இணையும்போது இருபுறமும் 10.1 இருந்தால் எந்த வழித்தேர்வு நெறிமுறையாலும் பயனில்லை. அத்தகைய முகவரிக்கு இரண்டு பொருள் இருப்பதை அறியும் ஆற்றல் திசைவிக்கு இல்லை. எல்லையில் முகவரிகளை மொழிபெயர்த்தாக வேண்டும், அல்லது ஒரு தரப்பு தன் எண்களையெல்லாம் மாற்ற வேண்டும். இப்பட்டறிவு அடுத்த தலைமுறை முகவரி முறையில் எதிரொலித்தது. 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4193, தனியார் முகவரிக்குள் 40 பிட் நீளமுள்ள எழுமாற்று எண் ஒன்றை வைத்தது. பரிந்துரையாக இருந்தது முகவரியின் உறுப்பாகவே ஆயிற்று.

எல்லையில் நின்ற மூன்று தெரிவுகள்

முகவரி மோதாதவிடத்து நிறுவனங்கள் எதைத் தேர்ந்தன? ஒரே ஒரு கூட்டாளி, ஒரே ஒரு இணைப்பு, மாறாத சில முகவரிகள் என்னும் நிலையில் நிலைவழி போதுமானதாக இருந்தது, இன்றும் அவ்வாறே. மறுபக்கம் என்ன சொன்னாலும் கேளாமையே அதன் வலிமை. மறுபக்கம் செயலிழந்தாலும் அது பெரும்பாலும் அறியாது என்பதே அதன் குறை. காப்பிணைப்பு ஒன்று சேர்ந்தவுடன் அக்குறை பெரிதாகிறது.

இரண்டாவது தெரிவான பொது உள்வழி நெறிமுறை தொடக்கத்தில் கவர்ச்சியாகத் தோன்றும். இருபுறமும் வேறுவேறு நெறிமுறைகள் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகளைப் பெயர்த்து ஊற்றும் வசதியையும் திசைவிகள் தந்தன. இங்குதான் தீங்கு நுட்பமாக நுழைகிறது. ஒரு நிறுவனம் ஆர்.ஐ.பி. நெறிமுறையையும் அதன் கூட்டாளி ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையையும் பின்பற்றுவதாகவும், இரண்டும் இரு நகரங்களில் இணைவதாகவும் கொள்க. முதல் நிறுவனத்தின் கிளை அலுவலக முகவரி ஒன்று முதல் நகரின் எல்லை வழியே கூட்டாளியிடம் செல்கிறது. கூட்டாளியின் வலையமைப்பைக் கடந்து இரண்டாம் நகரின் எல்லைத் திசைவிக்கு ஓ.எஸ்.பி.எஃப். செய்தியாக வருகிறது. அதே முகவரி அத்திசைவிக்கு ஆர்.ஐ.பி. வழியாகவும் நேரே தெரியும். சிஸ்கோ திசைவிகளில் நெறிமுறைகளின் நம்பகத்தன்மைக்கு ஓர் எண் உண்டு. குறைந்த எண்ணே வெல்லும். ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறைக்கு 110, ஆர்.ஐ.பி. நெறிமுறைக்கு 120. ஆகவே அத்திசைவி தன் சொந்த அலுவலகத்திற்கான செய்தியைக் கூட்டாளியின் வலையமைப்புக்குள் அனுப்புகிறது. அதுவே சிறந்த வழி எனத் தன்னவர்க்கும் அறிவிக்கிறது. எவரும் தவறிழைக்கவில்லை, எந்த எந்திரமும் பழுதாகவில்லை. இதனைத் தடுக்கும் வடிகட்டிகளை இருபுறமும் ஒத்திசைந்து பராமரிக்க வேண்டும். தனித்தனி நிர்வாகம் என்பதன் பொருளே அவ்வொத்திசைவு உறுதியன்று என்பதுதான்.

எனவே பி.ஜி.பி. நிறுவன எல்லைகளுக்கும் வந்தது. உலக அளவில் எண் பெற இயலாத நிறுவனங்களுக்கென 1996இன் ஆர்.எஃப்.சி. 1930, 64512 முதல் 65535 வரையுள்ள தொகுதி எண்களைத் தனியார் பயன்பாட்டிற்கு ஒதுக்கியது. 10ஆம் எண்ணின் கதை இங்கும் சிறிய அளவில் மீண்டது. ஒரு நிறுவனத்தின் இரண்டு கூட்டாளிகளும் 65001 என்னும் எண்ணையே தேர்ந்திருந்தால், நடுவிலுள்ளவர் வழியே ஒருவர் வழி மற்றவரை அடையும்போது, தன் எண்ணையே வரிசையில் கண்டு அவர் அதனைத் தள்ளிவிடுவார். வட்டத்தை அறுக்க வைத்த கத்தியே இணைப்பையும் அறுக்கிறது. 2013இல் ஆர்.எஃப்.சி. 6996 மேலும் 9,49,67,295 எண்களை ஒதுக்கியது இந்நெருக்கடியைத் தளர்த்திற்று.

இடைத்தரகரை நம்புதல்

இணைப்பை நிறுவனங்களே அமைக்காமல் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விட்டுவிடும் முறை 1990களின் இறுதியில் உருப்பெற்றது. 1999 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2547ஐ எழுதியவர்கள் இருவர்: எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்தர். 1980இன் முடக்கத்தை ஆய்ந்தவரும் 1989இன் தாளில் வரைந்தவரும் ஒரே ஆவணத்தில் சந்திக்கின்றனர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி வழிப்பட்டியலைத் திசைவியில் வைப்பது, ஒவ்வொருவர் முகவரிக்கும் முன்னால் எட்டு பைட் அளவுள்ள வேறுபடுத்தும் அடையாளம் ஒன்றைச் சேர்ப்பது என்பன அதன் வழிமுறைகள். நூறு வாடிக்கையாளர்கள் 10.1ஐப் பயன்படுத்தினாலும் கலப்பு நேராது. ஒரே கூட்டமைப்பில் சேர விரும்பும் இருவரது முகவரிகள் மோதினால் மட்டும் இந்த அடையாளம் உதவாது.

வாடிக்கையாளரின் கிளைகள் இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களில் பிரிந்திருந்தால் பழைய வினா ஒரு படி மேலே மீண்டும் எழுகிறது. 2006இல் இதன் திருத்திய வடிவமான ஆர்.எஃப்.சி. 4364 அதற்கு மூன்று வழிகளை விவரிக்கிறது. முதலாவதில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இணைப்பிட்டு இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று வாடிக்கையாளராகவே நடத்துகின்றன. உழைப்பு மிகுதி, நம்பிக்கையின் தேவை குறைவு. இரண்டாவதில், எல்லைத் திசைவிகள் எல்லா வாடிக்கையாளர் வழிகளையும் ஒரே உரையாடலில் பரிமாறுகின்றன. மூன்றாவதில், எல்லைத் திசைவிகள் அவ்வழிகளைத் தாங்குவதேயில்லை; ஒரு நிறுவனத்தின் உட்திசைவிகளை மற்றொன்று நேரடியாக அடைகிறது. வளர்ச்சிக்கு மிக ஏற்றது மூன்றாவது. தன் உள்ளமைப்பை அயலாருக்குத் திறந்துகாட்டுவதும் அதுவே. எத்தனை வழிகள் உள்ளன என்னும் கணக்கைவிட, எதிரே இருப்பவர் யார் என்பதே இத்தெரிவைப் பெரிதும் தீர்மானிப்பதாகக் கொள்வது பொருந்தும். ஒரே குழுமத்தின் இரு துணை நிறுவனங்களுக்கு ஏற்றது, போட்டியாளர் இருவருக்கு ஏற்றதன்று.

இயல்பிருப்பின் மாற்றம்

பி.ஜி.பி. தெரிவு செய்யும் உரிமையைத் தந்தது. தெரிவு செய்யாதவனுக்கு என்ன நேரும் என்பதைப் பற்றி அதன் தொடக்க ஆவணங்கள் கவலைகொள்ளவில்லை. கொள்கை ஏதும் எழுதப்படாத திசைவிகள் பல, வந்ததையெல்லாம் ஏற்று, அறிந்ததையெல்லாம் அறிவித்தன. 1997 ஏப்ரல் 25 அன்று 7007 என்னும் எண்ணுடைய தொகுதியிலிருந்து பெருந்திரளான தவறான வழிகள் கசிந்து இணையத்தின் பெரும்பகுதியைக் குலைத்தபோது இது பொதுவெளியில் வெளிப்பட்டது. நிறுவனங்களின் தனிப்பட்ட எல்லைகளில் இதே பிழை நேர்ந்தால் அது செய்தியாவதில்லை. கூட்டாளியின் திசைவி இணையம் முழுவதற்குமான இயல்புவழியை அறிவித்துவிட, தன் ஊழியர்களின் இணையப் போக்குவரத்து அனைத்தும் அயலார் வலையமைப்பின் வழியே செல்வதை ஒரு நிறுவனம் நெடுநேரம் அறியாதிருக்கவும் கூடும்.

2017 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 8212 மிகச் சில பக்கங்களே கொண்டது. வெளித் தொகுதியுடனான பி.ஜி.பி. உரையாடலில் ஏற்புக் கொள்கை வெளிப்படையாக எழுதப்படவில்லையாயின் எந்த வழியும் தெரிவுக்கு உரியதாகாது; அறிவிப்புக் கொள்கை எழுதப்படவில்லையாயின் எந்த வழியும் அறிவிக்கப்படலாகாது என்று அது விதித்தது. இந்நடத்தையை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வு ஒன்றைத் திசைவி உற்பத்தியாளர்கள் வழங்கலாம் எனவும், ஆனால் வாங்கிப் பொருத்தும் நிலையில் அது செயலில் இருந்தே ஆக வேண்டும் எனவும் அவ்வாவணம் கூறுகிறது. பழைய வழக்கத்தைத் தொடர விரும்பும் நிர்வாகி இனி அதனைத் தன் கையால் எழுதியாக வேண்டும்.